படம் வரையும் பிள்ளையை எங்கே அனுப்புவது?

பிளஸ் டூ முடிவு வெளியாகிற வாரத்தில், பத்திரிகை அடிக்க வருகிறவர்களைவிடப் பிள்ளையின் படிப்பைப் பற்றிக் கேட்க வருகிறவர்கள்தான் எங்கள் அச்சகத்தில் அதிகம். திருவிடைமருதூர், ஆடுதுறை, திருபுவனம் பக்கத்துக் குடும்பங்கள். “நல்லா வரையுறான் சார், கம்ப்யூட்டரும் தெரியும், டிசைன் படிக்க வைக்கலாமா?” என்று ஆரம்பிப்பார்கள். பேச்சு முடிவதற்குள் முடிவை ஏற்கெனவே எடுத்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஒன்று, மாமா சொன்னார் என்று என்ஜினீயரிங்குக்கு முன்பணம் கட்டியிருப்பார்கள். அல்லது, பையனின் நண்பன் சேர்ந்தான் என்பதற்காக ஏதோ ஒரு ஆறு மாதக் கோர்ஸுக்குக் கையெழுத்துப் போட்டிருப்பார்கள். இந்த ஆண்டும் அப்படி நாலைந்து பேரைப் பார்த்த பிறகு, அடுத்த ஆண்டு வருகிறவர்களுக்காகவாவது எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அகமதாபாத்தில் 1961 முதல் இயங்கும் தேசிய வடிவமைப்பு நிறுவனமும் அதன் வழியில் வந்த மற்ற நிறுவனங்களும் நாட்டின் முதல் வரிசை. இதையும் சுருக்கமாக என்.ஐ.டி. என்பதால் திருச்சி என்.ஐ.டி. என்று நினைத்துக்கொள்கிறார்கள், அது வேறு, இது வேறு. பம்பாய், டெல்லி, கவுகாத்தி, ஹைதராபாத், ரூர்க்கி ஐ.ஐ.டி.களில் வடிவமைப்பு இளநிலைப் படிப்புக்கு யூசீட் என்ற நுழைவுத் தேர்வு இருக்கிறது. இரண்டு முறைதான் எழுதலாம், அதுவும் அடுத்தடுத்த ஆண்டுகளில். சென்னை ஐ.ஐ.டி.யில் இருக்கும் என்ஜினீயரிங் டிசைன் இயந்திரம் சார்ந்த படிப்பு. அதற்கு வழி ஜே.இ.இ. இந்த வடிவமைப்புத் தேர்வுகளில் தமிழில் கேள்வித்தாள் கிடையாது. நம் பக்கத்துத் தமிழ்வழிப் பிள்ளை கையால் வெல்ல வேண்டிய இடத்தில் ஆங்கிலத்தில் தடுக்கி விழுகிறான். பிளஸ் ஒன்னிலேயே தயார் செய்ய முடிந்தவர்கள் கட்டாயம் எழுதட்டும். நம்மவர்கள் அங்கே போய்ச் சாதித்ததும் உண்டு: 2010-இல் ரூபாய்க் குறியீடாக ஏற்கப்பட்ட வடிவத்தைத் தந்த உதயகுமார் தமிழ்நாட்டுக்காரர். பம்பாய் ஐ.ஐ.டி.யில் அவர் செய்த முனைவர் ஆய்வே தமிழ் எழுத்துருவியல் பற்றியதுதான்.

அதற்கு அடுத்ததாக நான் சொல்வது, அநேகமாக முதலாவதாகவே சொல்வது, கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி. திருவிடைமருதூரில் பஸ் ஏறினால் அரை மணி நேரத்தில் கும்பகோணம். இருந்தும் நம் ஊரில் பாதிப் பேருக்கு அப்படி ஒரு கல்லூரி இருப்பதே தெரியாது; தெரிந்தவர்களும் அது சிலை செய்கிறவர்களுக்கு என்று நினைக்கிறார்கள். வண்ணக்கலை, சிற்பக்கலையோடு காட்சிவழித் தகவல் வடிவமைப்பு என்ற துறையும் அங்கே இருக்கிறது. வெளியே கிராபிக் டிசைன் என்று சொல்லி விற்கிறார்களே, அதன் முறையான படிப்பு இதுதான். நான்கு ஆண்டுப் பட்டம், அரசுக் கட்டணம், சேர்க்கைக்கு வரைதிறன் பார்ப்பார்கள்.

தஞ்சாவூரில் 1924-இல் பிறந்த கோபுலு இதே கும்பகோணம் ஓவியப் பள்ளியில் கற்றுவிட்டுத்தான் ஆனந்த விகடனுக்குப் போனார், பிறகு விளம்பரத் துறையிலும் கொடி நாட்டினார். உப்பிலியப்பன்கோயில்காரரான ஓவியர் வீர சந்தானமும் கும்பகோணத்தில் படித்தவர்தான். நெசவாளர் சேவை மையத்தில் நெடுங்காலம் துணிக்கு வடிவமைத்தவர் அவர். தஞ்சை விளாரில் 2013-இல் திறந்த முள்ளிவாய்க்கால் முற்றத்துச் சிற்பங்களுக்குப் பின்னால் இருந்ததும் அவர் கோடுதான். கட்டடம் பழசு, கம்ப்யூட்டர் குறைவு என்று பிள்ளைகள் முகம் சுளிப்பது எனக்குத் தெரியும். கம்ப்யூட்டரை வீட்டில் வாங்கிக்கொள்ளலாம். நான்கு வருடம் தினமும் உட்கார்ந்து வரைய வைக்கிற ஆசிரியரைக் கடையில் வாங்க முடியாது. எங்கள் அச்சகத்துக்கு வேலைக்கு வருகிறவர்களில் இந்தக் கல்லூரிப் பிள்ளை என்றால் நான் இரண்டாவது கேள்வி கேட்பதில்லை.

தனியார் கல்லூரிகளின் விஸ்காம் (விஷுவல் கம்யூனிகேஷன்) பட்டத்தைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. அது பெரும்பாலும் ஊடகப் படிப்பு: கேமரா, எடிட்டிங், செய்தி, விளம்பரம் என்று எல்லாவற்றிலும் கொஞ்சம். பாடத்திட்டத்தை வாங்கிப் பாருங்கள். எழுத்துருவியலும் அச்சும் ஒரு பருவத்தில் முடிந்துவிட்டால் அது கிராபிக் டிசைன் படிப்பு அல்ல.

இனி, இதை எழுத வைத்த விஷயத்துக்கு வருகிறேன். ஆறு மாதம் அல்லது ஒரு வருடத்தில் செயலித் திரைகளை வடிவமைக்கும் ‘யூ.ஐ. யூ.எக்ஸ். டிசைனர்’ ஆக்கிவிடுவதாகவும், நூறு சதவீதம் வேலை உறுதி என்றும் சொல்லும் தனியார் பயிற்சி மையங்கள். எந்தப் பெயரையும் நான் சொல்லப் போவதில்லை, சொல்லவும் தேவையில்லை. கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சி பஸ் நிலையங்களைச் சுற்றி அண்ணாந்து பார்த்தால் பலகை தெரியும்.

போன ஆண்டு எனக்குத் தெரிந்த ஒரு விவசாயக் குடும்பத்துப் பையன் அப்படி ஒன்றில் சேர்ந்தான். குறுவை போட்டு எடுத்த பணம் போதாமல் மீதிக்குத் தவணைக் கடன். கட்டணம் என்று அந்த மையத்தில் தனியாக எதுவும் சொல்லவில்லை, ‘மாதத் தவணை’ என்றுதான் பேச்சே ஆரம்பித்திருக்கிறது. சேர்ந்த பிறகுதான் அந்தத் தவணை வேறொரு நிதி நிறுவனத்துக்குப் போகிற கடன் என்பதும், பாதியில் நின்றாலும் கட்டித்தான் ஆக வேண்டும் என்பதும் அப்பாவுக்குத் தெரிந்தது. படிப்பு முடிந்து பையன் என்னிடம் வந்தான். கையில் ஒரு போர்ட்ஃபோலியோ. சாப்பாடு வரவழைக்கும் செயலிக்கு மூன்று திரை, டாக்சிக்கு இரண்டு திரை. அவனுடைய வகுப்பில் இருந்த எல்லாரிடமும் அதே செயலி, அதே நிறம் இருந்திருக்கிறது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் வாசகத்தைக் கொடுத்து அமைக்கச் சொன்னேன். தாத்தா பாட்டி பெயர், பெற்றோர் பெயர், மணமக்கள் பெயர், முகூர்த்த நேரம் இவற்றில் எது கண்ணில் முதலில் பட வேண்டும் என்று அவனுக்கு யாரும் யோசிக்கக் கற்றுத் தரவில்லை. ‘கொ’ என்ற எழுத்து மென்பொருளில் உடைந்து தனித்தனியாக விழுந்தபோது அதை எப்படிச் சேர்ப்பது என்று தெரியவில்லை. திரையில் பளிச்சென்று இருக்கும் நீலம் நான்கு வண்ண அச்சில் ஏன் மங்குகிறது என்பதும் தெரியவில்லை. புத்திசாலிப் பையன். அவன்மேல் எந்தக் குறையும் இல்லை.

வேலை உறுதி என்பதற்கு அந்த மையங்களில் என்ன பொருள் என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். பல இடங்களில் நேர்காணலுக்கு அனுப்புவதைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இதே மாதிரி மையங்கள் ஒரு காலத்தில் பேஜ்மேக்கர் கற்றுத் தந்தன, பிறகு பிளாஷ் அனிமேஷன். பேஜ்மேக்கர் போன இடம் தெரியவில்லை. பிளாஷுக்கு 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு அடோப் நிறுவனமே மூடுவிழா நடத்திவிட்டது. இப்போது திரை வடிவமைக்கும் ஃபிக்மா. ஃபிக்மாவின் தொடக்க நிலைக் கணக்கு இலவசம். அதைக் கற்றுத்தரும் பாடங்கள் தமிழிலேயே யூடியூபில் கிடைக்கின்றன. கருவியைக் கற்க லட்ச ரூபாய் எதற்கு? பிறந்தநாள் பேனரைக் கேன்வாவில் பள்ளிப் பிள்ளையே செய்துகொள்கிற காலம் இது. கருவியை மட்டும் தெரிந்தவனுடைய கூலிதான் முதலில் இறங்கும்.

இன்னொரு கணக்கும் பார்க்க வேண்டும். அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப்பெண் திட்டத்தில் 2022 முதலும், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் திட்டத்தில் 2024 முதலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அது பட்டம், பட்டயம், தொழிற்பயிற்சி படிப்பவர்களுக்கு உரியது. பயிற்சி மையத்துச் சான்றிதழை நம்பிப் போகிற பிள்ளை கையிலிருந்து காசையும் கொடுத்து, வர வேண்டிய காசையும் விடுகிறது.

யூ.ஐ. வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னையிலும் பெங்களூரிலும் அந்த வேலை உண்டு, சம்பளமும் நல்ல சம்பளம். அந்த வேலைக்கு எடுக்கிறவர்கள் தேடுவது வடிவமைப்புப் படித்தவர்களையும், நிரல் தெரிந்த பொறியாளர்களையும். ஆறு மாதச் சான்றிதழ் அந்த வரிசையில் கடைசியில் நிற்கும்.

என்ஜினீயர் ஆனால்தான் மரியாதை என்று நினைக்கும் அப்பாக்களுக்கு ஒரு வழி இருக்கிறது. கிண்டி பொறியியல் கல்லூரியில் அச்சுத் தொழில்நுட்பத்துக்கு என்றே தனித்துறை உண்டு. தரமணியில் அரசின் அச்சுத் தொழில்நுட்ப நிறுவனத்தில் பட்டயம் படிக்கலாம். பால் பாக்கெட் முதல் மாத்திரை அட்டை வரை எல்லாவற்றிலும் அச்சு இருக்கிறது. சிவகாசிக்கு ஒரு முறை போய்வந்தால் அந்த உலகத்தின் அளவு புரியும். இந்தப் படிப்புகளைப் பற்றி யாருமே கேட்பதில்லை என்பது எனக்கு வருத்தம்.

நம் வாசலிலேயே இருக்கிற இன்னொன்று பட்டு. திருபுவனம் பட்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கரையும் முந்தியும் புட்டாவும் யாரோ ஒருவர் கட்டம் போட்ட தாளில் வரைந்து, ஜக்கார்டு அட்டைக்கு மாறி வருகிறவை. அப்பா தறியில் இருக்கிற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கு ரத்தத்திலேயே இருக்கும். சேலத்தில் இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. மூன்று வருடப் பட்டயம். தறியை விட்டு ஓட வேண்டும் என்பதற்காகவே பிள்ளையை வேறு எதிலாவது தள்ளுகிற பெற்றோர், அதே தறிக்கு வடிவமைப்பாளனாகத் திரும்பி வருவது கௌரவம் என்பதை யோசித்துப் பார்க்கலாம்.

படிக்கும்போதே எந்த நிகழ்ச்சிகளுக்குப் போகலாம் என்றும் கேட்கிறார்கள். டிசைன்யாத்ரா போன்ற பெரிய மாநாடுகள் தொழிலில் இருப்பவர்களுக்கு. அந்த நுழைவுக் கட்டணத்தில் மாணவன் ஒரு வருடத்துக்கான தாளும் மையும் வாங்கலாம். பம்பாய் ஐ.ஐ.டி. 2008-இல் தொடங்கிய எழுத்துருவியல் தினம் அப்படி இல்லை. அதில் சுவரொட்டிப் போட்டியும் உண்டு, இந்திய எழுத்துகளைப் பற்றிப் பேசுகிற ஆட்களையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். அதிகச் செலவில்லாமல் பார்க்க வேண்டியது ஜனவரியில் நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சி. உழவன் எக்ஸ்பிரஸில் இரவு ஏறினால் காலையில் எழும்பூர். புத்தகம் வாங்கப் போகிற மாதிரி போகாமல் அட்டைகளை மட்டும் பார்த்துக்கொண்டே ஒரு நாள் நடக்க வேண்டும். எந்த அட்டையைப் பத்தடி தூரத்திலிருந்து படிக்க முடிகிறது, எந்தத் தலைப்பு படத்தில் மூழ்கிவிட்டது என்று குறித்துக்கொள்ள வேண்டும். பதிப்பாளர்கள் கடையிலேயே நிற்பார்கள், கூச்சப்படாமல் பேசலாம். ‘இலவச வெபினார்’ என்று வருகிறதே, அதில் முக்கால்வாசி மேலே சொன்ன மையங்களின் விற்பனைக் கூட்டம்.

தமிழ் எழுத்தில் வேலை குவிந்து கிடக்கிறது. இதை ஒவ்வொரு பிள்ளையிடமும் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். மலேசியாவில் முத்து நெடுமாறன் முரசு அஞ்சல் முதல் ஆப்பிள் கருவிகளின் தமிழ் எழுத்துரு வரை செய்திருக்கிறார். இலங்கையின் தாரிக் அஸீஸ் ‘கவிவாணர்’ எழுத்துருவைச் செய்தார். பிரியா ரவிச்சந்திரன் செய்த ‘கட்டமரன்’ எழுத்துருவை யாரும் இலவசமாக எடுத்துப் பயன்படுத்தலாம். ஆங்கிலத்தில் இருக்கும் எழுத்துருக்களோடு ஒப்பிட்டால் தமிழில் இருப்பது கைப்பிடி. ‘கி’க்கு மேலே போகும் வளைவும் ‘மூ’வுக்குக் கீழே இறங்கும் சுழியும் இடிக்காமல் வரி அமைக்கத் தெரிந்த ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. அதைப் பெங்களூர்ப் பிள்ளையைவிடத் தேர்ச் சக்கரத்தின் கோலத்தையும் திருவிடைமருதூர் மகாலிங்கசுவாமி கோயில் கல்வெட்டையும் பார்த்து வளர்ந்த பிள்ளை சீக்கிரம் கற்றுக்கொள்ளும்.

ஆனால் எந்த வழியில் போனாலும் முதலில் பிள்ளைக்கு உண்மையிலேயே கை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நடிகர் படத்தைப் பார்த்து அப்படியே வரைவது ஒரு திறமை. அது மட்டும் போதாது. யாரும் சொல்லாமல் தானாக வரைகிறதா? ஒரே விஷயத்தைப் பத்து விதமாகப் போட்டுப் பார்க்கிறதா? ‘இது சரியில்லை, மறுபடி போடு’ என்றால் முகம் தூக்காமல் மறுபடி உட்காருகிறதா? கடைசிக் கேள்விதான் முக்கியம். இந்தத் தொழிலில் வாடிக்கையாளர் முதல் படியை ஏற்பது அபூர்வம். முதல் மூன்று வருடம் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், உடன் படித்தவன் மென்பொருள் கம்பெனியில் சேர்ந்து வண்டி வாங்கியிருப்பான். அந்த மூன்று வருடம் வீட்டில் யாரும் ஒப்பிட்டுப் பேசக் கூடாது. பேச மாட்டோம் என்று உறுதி சொல்ல முடியாத பெற்றோர் இந்தப் பக்கம் பிள்ளையை அனுப்ப வேண்டாம்.

யூசீட் தேர்வு ஜனவரியில் நடக்கிறது. விண்ணப்பம் அக்டோபரிலேயே தொடங்கிவிடும். மே மாதம் முடிவு பார்த்த பிறகு யோசிக்கிறவர்களுக்கு அந்தக் கதவு மூடியிருக்கும். கவின்கலைக் கல்லூரிக்கு முடிவு வந்த பிறகு விண்ணப்பிக்கலாம். ஆனால் வரைதிறன் பார்க்கும் நாளுக்கு ஒரு வருடம் வரைந்த கை தேவை. ஆகவே பிளஸ் டூவில் பிள்ளை இருக்கிற வீட்டார் இந்த ஆடி மாதமே ஒரு நாள் லீவு போட்டுவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு கும்பகோணம் கல்லூரிக்குப் போய் மாணவர்கள் செய்திருக்கிற வேலைகளைப் பார்த்துவிட்டு வாருங்கள். அதற்கு முன்னால் எந்த மையத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.