வீட்டில் கட்டிய காரும் மோட்டார் வாகனச் சட்டமும்

கேள்வி: ‘கிட்’ ஆக விலைக்கு வாங்கிய இரும்புக் குழாய்ச் சட்டத்தில், பழைய மாருதி 800 காரின் எஞ்சினையும் கியர் பெட்டியையும் பொருத்தி, இருவர் அமரும் திறந்த கார் ஒன்றை என் பட்டறையிலேயே கட்டியிருக்கிறேன். இனி அதற்குப் பெரிய எஞ்சினும் அகலமான சக்கரங்களும் போட உத்தேசம். மாருதியின் ஆர்.சி. புத்தகம் கைவசம் உள்ளது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் மாற்றங்களைப் பதிந்துகொண்டு சாலையில் ஓட்டலாமா?
— வாசகர், கோயம்புத்தூர்

பதில்: தாங்கள் அனுப்பியுள்ள புகைப்படத்தில், குழாய்கள் கூடும் ஒவ்வொரு மூலையிலும் வெல்டிங் எவ்வளவு நேர்த்தியாக அமைந்திருக்கிறதென்பதைக் கண்டேன். இத்தனை சிரத்தையுடன் உருவான ஒரு வாகனத்துக்குச் சாலையில் இடமில்லை என்று எழுத நேர்வது எனக்கு வருத்தமே. எனினும் தற்போதைய சட்டப்படி வேறு விடை கூறுவதற்கில்லை.

1988-ஆம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்.சி.யில் கண்ட விவரங்கள் உற்பத்தியாளர் ஆதியில் நிர்ணயித்தவற்றினின்றும் மாறுபடும்படி எந்த உரிமையாளரும் வாகனத்தை மாற்றலாகாது என்கிறது. கேரளத்திலிருந்து சென்ற ஜெயசந்திரா வழக்கில் 2019 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட்டும் இதையே உறுதி செய்தது. எஞ்சினை மாற்றுவதற்குப் பதிவு அதிகாரியின் அனுமதி வேண்டும். எரிவாயுவுக்கோ மின்கலத்துக்கோ மாறுவோர்க்கு, அங்கீகாரம் பெற்ற சாதனங்களைப் பொருத்த விதிவிலக்கு உண்டு. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் ரூ. 5,000 அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது.

ஆயினும் தங்கள் விஷயத்தில் மாற்றத்தைப் பற்றிய விசாரணைக்கே இன்னும் வேளை வரவில்லை. ஒரு வாகனம் முதன்முதலாகப் பதிவாவதற்கு விற்பனைச் சான்றிதழும், உற்பத்தியாளர் தரும் தகுதிச் சான்றிதழும் வேண்டும்; அந்த உற்பத்தியாளரோ, மத்திய மோட்டார் வாகன விதிகளின் 126-ஆவது விதிப்படி, புனேயிலுள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற அங்கீகரிக்கப்பட்ட சோதனை ஸ்தாபனம் ஒன்றில் தம் வாகனத்தின் முன்மாதிரியை ஒப்படைத்துச் சான்று பெற்றிருக்க வேண்டும். தொழிற்சாலைகளை மனத்திற்கொண்டு இயற்றப்பட்ட இவ்விதி, ஒரே ஒரு காரைத் தன் கையால் கட்டும் தனிமனிதனுக்குச் சுமக்க முடியாத பாரமாகிறது. பிரிட்டனில் தனி வாகனம் ஒவ்வொன்றையும் பரிசோதித்து அங்கீகரிக்கும் ஏற்பாடு இருக்கிறது; அத்தகைய வழி ஒன்றை நம் நாட்டிலும் வகுக்க வேண்டுமென்பது என் திடமான அபிப்பிராயம்.

மாருதியின் ஆர்.சி.யைப் புதிய காருக்கு உபயோகிக்கும் எண்ணத்தை அறவே கைவிடுங்கள். அப்பத்திரம் குறிப்பிடுவது, தாங்கள் பிரித்தெடுத்துவிட்ட அந்த உடற்கூட்டையும் அதில் பொறித்த சேஸிஸ் எண்ணையும். எண் பொறித்த தகட்டை வெட்டி இக்குழாய்களில் ஒட்டித் தருகிறோமென்று சொல்பவர்கள் இருப்பார்கள். அது மாற்றமென்ற அளவில் நில்லாது, மோசடிக் குற்றமாக முடியும். பொறித்த எண் ஆர்.சி.யோடு முரண்பட்டாலே, பதிவை ரத்து செய்ய 55-ஆவது பிரிவு அதிகாரமளிக்கிறது. அப்படிப்பட்ட காரால் விபத்து நேர்ந்து ஒருவர் உயிரிழந்தால், இன்ஷூரன்ஸ் கம்பெனி உண்மை மறைக்கப்பட்டதென்று வாதாடும். நஷ்டஈட்டுத் தொகை முழுவதும் தங்கள் வீட்டின்மீதும் நிலத்தின்மீதும் வந்து விழக்கூடும்.

தங்களுக்குத் திறந்திருக்கும் மார்க்கம் ஒன்று உண்டு. பதிவற்ற மோட்டார் வாகனத்தைப் பொதுவிடத்தில் மட்டுமின்றி வேறெவ்விடத்திலும் ஓட்டலாகாது என்று 39-ஆவது பிரிவு கூறினாலும், ‘மோட்டார் வாகனம்’ எது என்று வரையறுக்கும் 2(28) பிரிவு, தொழிற்சாலைக்குள்ளோ வேறு அடைப்புள்ள வளாகத்துக்குள்ளோ மட்டும் உபயோகிப்பதற்கென அமைந்த விசேஷ வாகனத்தை அவ்வரையறையினின்றும் விலக்கிவிடுகிறது. தங்கள் ஊருக்கு அருகே செட்டிபாளையத்தில் அத்தகைய அடைப்புள்ள வளாகமாக ஒரு பந்தயப் பாதை, கரி மோட்டார் ஸ்பீட்வே, இருக்கிறது; அது, மாருதி எஞ்சினைக் கொண்டு பந்தயக் கார்களை உருவாக்கிய கரிவர்தனின் பெயரைத் தாங்கியது. காரைப் பந்தயப் பாதைக்கென்றே அமைத்து, லாரியில் ஏற்றிச் சென்று, அங்கேயே ஓட்டுவதானால், பெரிய எஞ்சினும் அகலச் சக்கரமும் போடத் தடையில்லை. போட்டியில் கலந்துகொள்வதானால், இந்திய மோட்டார் விளையாட்டுக் கழகங்களின் சம்மேளனம் விதிக்கும் பாதுகாப்பு நிபந்தனைகளுக்கு உட்பட வேண்டும். தலைக்கு மேல் காப்பு வளையத்தையும் முறையான இருக்கைப் பட்டையையும், ஒருவரும் கேளாவிட்டாலும், முதலில் பொருத்துங்கள்.

இன்னொன்று: நிரந்தரமாக உபயோகமற்றுப்போன வாகனத்தைப் பற்றி உரிமையாளர் பதினான்கு நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யைத் திருப்பியளிக்க வேண்டுமென்பதும் அதே 55-ஆவது பிரிவின் கட்டளை. அந்தக் கெடு கடந்திருந்தாலும், தாமதத்தின் காரணத்தை எழுதி, அப்புத்தகத்தை இந்த வாரமே ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் ஒப்படைத்து ரசீது பெற்றுக்கொள்ளுங்கள்.