ஒரே நெகிழி, இரண்டு குணம்: படிகமாதலை வகுப்பில் விளக்குதல்

ஏழாம் வகுப்பில் பலபடி வேதியியல் பாடம் நடத்தும்போது, வெப்பத்தால் இளகும் நெகிழி, இறுகும் நெகிழி என்று இரண்டாகப் பிரித்துக் காட்டுகிறோம். ஒருமுறை ஒரு மாணவி கேட்டாள்: "சுடுதண்ணி ஊத்துனா தண்ணி பாட்டில் சுருங்கிப்போகுது. டிபன் பாக்ஸ்ல சுடுசோறு போட்டாலும் ஒண்ணும் ஆகலை. ரெண்டும் இளகும் நெகிழிதானே டீச்சர்?"

இந்தக் கேள்விக்கு விடை படிகமாதலில் இருக்கிறது. நெகிழியின் மூலக்கூறுகள் நீண்ட சங்கிலிகள். சில இடங்களில் அவை ஒழுங்காக மடிந்து அடுக்கி நிற்கும். அவை படிகப் பகுதிகள். மற்ற இடங்களில் நூல்கண்டு போலச் சிக்கிக் கிடக்கும். சூடேறும்போது சிக்கலான பகுதி முதலில் இளகிவிடும். படிகப் பகுதிகளோ உருகுநிலை வரும்வரை ஆணி அடித்தாற்போல வடிவத்தைப் பிடித்து நிறுத்தும். டிபன் பாக்ஸ் பெரும்பாலும் பாலிபுரோப்பிலீன். அதன் படிகங்கள் உருகச் சுமார் 160 டிகிரி செல்சியஸ் வேண்டும். சுடுசோறு அதை ஒன்றும் செய்யாது.

தண்ணீர் பாட்டில் பெட் என்னும் நெகிழி. இதன் சிக்கலான பகுதி சுமார் 75 டிகிரியில் இளகும். படிகங்கள் உருகுவது சுமார் 250 டிகிரியில். உருகிய பெட்டைக் குளிர்ந்த அச்சில் செலுத்தினால் சங்கிலிகள் அடுக்கி நிற்க நேரமின்றி உறைந்து, கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதைப் பிறகு இளக்கி, இழுத்து ஊதிப் பாட்டிலாக்குகிறார்கள். இழுபட்ட சங்கிலிகள் சூடு பட்டதும் பழைய நிலைக்குத் திரும்பப் பார்ப்பதால்தான் பாட்டில் சுருங்குகிறது. சில பழச்சாறு பாட்டில்களில் கழுத்து மட்டும் பால்போல வெள்ளையாக இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். சாற்றைச் சூடாக ஊற்றி அடைக்க வேண்டும் என்பதால், கழுத்தை மட்டும் மீண்டும் சூடாக்கிப் படிகமாக்கியிருக்கிறார்கள். அதுவும் பெட்தான், குளிர்ந்த விதம்தான் வேறு.

விளையாட்டாக ஒரு செயல்பாடு

பத்துப் பத்து மாணவர்கள் கைகோத்து மூன்று சங்கிலிகளாக மைதானத்தில் கலந்து நடக்கட்டும். விசில் ஊதியதும் கையை விடாமல் பக்கத்துச் சங்கிலியோடு வரிசையாக அடுக்கி நிற்க வேண்டும். முதல் சுற்றில் மூன்று விநாடியில் 'நில்' என்று சொல்லுங்கள். இரண்டாம் சுற்றில் ஒரு நிமிடம் கொடுங்கள். எப்போது வரிசை அமைந்தது என்று அவர்களே சொல்வார்கள். ஓடிக்கொண்டே இருந்தாலும் வரிசை அமையாது, கால் அசையாமல் நின்றாலும் அமையாது. படிகம் வளர்வதும் இப்படித்தான்: உருகுநிலைக்குக் கீழே, இளகுநிலைக்கு மேலே. எவ்வளவு நேரம் கொடுத்தாலும் சில கைகள் சிக்கியே இருக்கும். நெகிழி முழுவதும் படிகமாவதில்லை என்பதையும் அங்கேயே காட்டிவிடலாம்.

உயர்நிலை வகுப்புக்குப் பீக் என்ற நெகிழியைச் சொல்லலாம். விமான உதிரிபாகங்களிலும் முதுகெலும்பு அறுவை சிகிச்சையிலும் பயன்படுவது. இளகுநிலை 143 டிகிரி, உருகுநிலை 343 டிகிரி. இதை வார்க்கும் அச்சையே 170 முதல் 200 டிகிரி வரை சூடாக வைப்பார்கள். அச்சு குளிர்ந்திருந்தால் மேற்பரப்பு படிகமாகாமல் பழுப்பாகத் தெரியும். அந்தப் பாகம் பின்னர் வேலை செய்யும் இடத்தில் சூடேறினால், அப்போது படிகமாகிச் சுருங்கி வளையும். அளவு மாறிய பாகம் பொருந்தாது.

பாட்டில் சுருங்குவதைக் காட்ட விரும்பினால், வெந்நீரை ஆசிரியரே தட்டில் வைத்து ஊற்ற வேண்டும். மாணவர்கள் தள்ளி நிற்கட்டும். வெந்நீரை இத்தகைய பாட்டிலில் கொண்டுவரக் கூடாது என்பதையும் அன்றே சொல்லிவிடலாம்.

மதிப்பீட்டுக்கு 'இளகும் நெகிழிக்கு இரண்டு எடுத்துக்காட்டு தருக' என்பதோடு இன்னொரு வினாவும் சேருங்கள்: 'பாட்டிலின் தெளிந்த கழுத்து, வெள்ளைக் கழுத்து – சூட்டை எது தாங்கும்? ஏன்?' பொருளின் பெயரோடு அது உருவான விதமும் அதன் குணத்தை முடிவு செய்கிறது என்று எழுதும் மாணவருக்குப் பாடம் புரிந்துவிட்டது.