இரட்டை 5

1955ஆம் ஆண்டு அமெரிக்க லிங்கன் ஒரு சத நாணயமொன்றைச் சாச்சா வாப்பாவுக்குக் கொடுத்திருந்தார். கடைசி 5 இரட்டையாகத் தெரியும். தரப்படுத்தி விற்றால் என் மேற்படிப்புச் செலவுக்கு ஆகும் என்று வாப்பா நம்பினார்.

உருப்பெருக்கியால் பார்த்தேன். உண்மையான இரட்டை அச்சு வகையில் அச்சிலேயே உருவம் இருமுறை விழுந்திருக்கும். ஆண்டு மட்டுமல்ல, லிங்கனின் தலைக்கு மேலுள்ள வாசகமும் தெளிவாக இரட்டித்திருக்கும். அது ஆயிரம் டொலருக்கும் மேல் போகும், போலிகளும் உண்டு. ஆகவே அதற்குத் தரச்சான்று அவசியம். எங்களுடையதில் வாசகம் ஒற்றைதான். தேய்ந்த அச்சு இலக்கத்தை மங்கலாக நீட்டியிருக்கிறது. சேகரிப்போர் இதை ‘ஏழையின் இரட்டை அச்சு’ என்பர். ஓரிரு டொலர் பெறும். தரப்படுத்தும் கட்டணமோ பல மடங்கு, தபாற்செலவு வேறு!

வாப்பாவிடம் சொல்ல எனக்கு இரண்டு நாள் பிடித்தது.

“தம்பி தந்ததுதானே, இரிக்கட்டும்” என்றார்.