சிக்கெடுக்கும் புரதங்கள்

வெந்த முட்டையின் வெள்ளைக்கரு மீண்டும் இளகுவதில்லை. வெப்பத்தால் மடிப்புக் குலைந்த புரதங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டுவிடுவதே அதற்குக் காரணம். நம் உயிரணுக்களிலும் இத்தகைய திரட்சி சிறு அளவில் நிகழ்கிறது. ஆனால் உயிரணுவுக்கு அதனைப் பிரித்து மீட்கும் வழி உண்டு. அவ்வழியை இங்கே காண்போம்.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் கோத்த நீண்ட இழை. தனக்குரிய வடிவில் மடிந்தால்தான் அது பணி செய்யும். அதன் நீர்விலக்கும் பகுதிகள் மடிப்புக்குள் மறைந்திருக்கும். கடும் வெப்பம் போன்றவற்றால் மடிப்புக் குலைந்தால் அப்பகுதிகள் வெளிப்பட்டு, அண்டையிலுள்ள புரதங்களோடு ஒட்டிக்கொள்ளும். இதனைத் தடுப்பவை சாப்பரோன் எனப்படும் துணைப்புரதங்கள்.

இவற்றுள் ஒருவகை, மடியாத இழையைக் குடம் போன்ற தன் கூட்டுக்குள் தனித்து வைத்து மடியவிடும். அக்குடத்துக்கு மூடியாகும் புரதமும் உண்டு. தொழுநோய்க் கிருமியில் உள்ள அம்மூடியின் வடிவத்தை 1996-இல் வெளியிட்ட ஆய்வாளர்களுள் ஒருவர் சேகர் மாண்டே. பின்னாளில் இவர் புணேயிலுள்ள தேசிய உயிரணு அறிவியல் மையத்தின் இயக்குநராகப் பணியாற்றினார். நம்மைப் போலவே நோய்க்கிருமிகளும் இத்துணைவர்களை நம்பியே வாழ்கின்றன என்பதை இவ்வகை ஆய்வுகள் உணர்த்துகின்றன.

திரண்டுவிட்டபின் செய்வது என்ன? 1994-இல் சூசன் லிண்ட்குவிஸ்ட் குழுவினர் ஈஸ்ட்டில் விடை கண்டனர். அங்கே எச்எஸ்பி104 என்னும் புரதம் திரளைக் கரைத்தது. அது செயற்படும் முறையைப் பின்வந்த ஆய்வுகள் விளக்கின. எச்எஸ்பி104 ஆறு அலகுகள் கூடிய வளையம். எச்எஸ்பி70 என்னும் துணைவன் திரளைப் பற்றி அதனிடம் சேர்க்க, வளையம் தன் நடுத்துளை வழியே இழையை இழுத்து வெளியேற்றுகிறது. சிக்கு விழுந்த நூலை முனை கண்டு உருவுவது போன்றதே இது. இப்பணிக்கு ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறுகள் செலவாகின்றன. விடுபட்ட இழை மீண்டும் மடிந்து பணிக்குத் திரும்புகிறது.

மனித உயிரணுவில் எச்எஸ்பி104 இல்லை. எச்எஸ்பி70, ஜே-புரதம், எச்எஸ்பி110 ஆகிய மூன்றும் கூடி அவ்வேலையை மேற்கொள்கின்றன. பார்க்கின்சன் நோயில் திரளும் ஆல்ஃபா-சினூக்ளின் இழைகளையும் இவை பிரிக்க வல்லவை என ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. எனினும் முதுமையில் இக்காவல் தளர்கிறது. முழுதும் பிரியாத துண்டுகள் புதிய திரள்களுக்கு வித்தாகவும் கூடும். ஆகவே இத்துணைவர்களைத் தூண்டும் மருந்தை நாடுவோர், திரளை உடைப்பதோடு நில்லாமல், இழை முழுதும் விடுபடுவதையும் உறுதிசெய்ய வேண்டும்.