தென்துருவப் பனியும் நம் கல்லாப்பெட்டியும்

இம்மாதப் பாடத்திற்குத் தென்துருவத்தை எடுத்துக்கொண்டோம் என்றதும் சிலர் சிரிக்கக்கூடும். ஐஸ்பெட்டிக்குள் அல்லாமல் வேறெங்கும் பனிக்கட்டியைக் கண்டிராதவர்கள் நாம். சுவாவில் அரிசி மூட்டையையும் தோட்டத்துச் சம்பள நாளையும் கணக்குப் பார்த்துக் கடை நடத்துகிறவர்களுக்குப் பனிக்கண்டத்தில் என்ன வேலை? கேள்வி நியாயமானதே. நம்முடைய முதல் எங்கெங்கே கிடக்கிறது என்று முதலில் பார்ப்போம்.

நம்மவர் குடும்பங்கள் பலவற்றிற்கு இரு கரையிலும் சொத்துண்டு. இந்தக் கரையில் போர்ட்டிக்சன், கிள்ளான், மலாக்கா, பினாங்கு. அந்தக் கரையில் நாகூர், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம். தோட்டப்புறத்தில் கடை வைத்தவரும் கப்பலில் வந்த சரக்கைத்தான் விற்றார். ஊரில் வீடு கட்டியபோது கடற்காற்று வரும் தெருவிலேயே கட்டினார். ஆகவே கடல் மட்டம் ஏறினால் நமக்கு இரண்டு பக்கமும் நஷ்டம்.

கடலை ஏற்றுவது எது? வெப்பத்தால் கடல் நீர் விரிவது ஒன்று. நிலத்தின்மேல் கிடக்கும் பனி உருகிக் கடலில் சேர்வது மற்றொன்று. நிலத்துப் பனியில் மிகப் பெரும் பகுதி தென்துருவக் கண்டத்தில் இருக்கிறது. அது முழுவதும் உருகினால் உலகக் கடல் மட்டம் ஏறக்குறைய 58 மீட்டர் உயரும். கிரீன்லாந்தின் பனி உருகினால் 7 மீட்டர். முழுவதும் உருகுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகள் செல்லும். அந்த முழுத் தொகையை எண்ணி நாம் நடுங்க வேண்டியதில்லை. அதிலிருந்து ஒரு சில்லறைப் பங்கு நம் பேரப்பிள்ளைகள் காலத்திலேயே வந்து சேர்ந்துவிடுமே, அதுதான் கவலை.

இதில் ஒரு விசித்திரமும் உண்டு. பெரும் பனித்திரள் தன் ஈர்ப்பினால் சுற்றிலுமுள்ள கடல் நீரைத் தன் பக்கம் இழுத்து வைத்திருக்கிறது. பனி குறைந்தால் அந்தப் பிடி தளரும். அங்கே நீர் தாழும். தொலைவில், நம்மைப் போல் பூமத்திய ரேகைக்கு அருகில் உள்ளவர்களின் கடல்களில், சராசரியைவிடச் சற்று அதிகமாகவே ஏறும். உருகுவது ஓரிடம், கட்டுவது வேறிடம். கடன் வாங்கியவன் ஓடிப்போக, ஜாமீன் நின்றவன் கட்டுவதைப் போன்றது இது.

சரி, இந்தப் பனியின் வரவு செலவை எழுதுவது யார்? அந்தக் கண்டம் மலேசியாவைப் போல் 40 மடங்குக்கு மேல் பெரியது. ஒரு நாட்டாரால் அதை நிறுத்துப் பார்க்க முடியாது. பலர் தனித்தனியே நிறுத்தார்கள். ஒருவர் பனியின் உயரத்தை அளந்தார், ஒருவர் அதன் ஈர்ப்பை அளந்தார், ஒருவர் கடலுக்குள் வழிந்து போவதை அளந்தார். விடைகள் ஒத்துப்போகவில்லை. பனி குறைகிறது என்றார் ஒருவர், கூடுகிறது என்றார் இன்னொருவர். ஒரே மூட்டைக்குக் கட்டிக் கணக்கில் ஓர் எடை, ராத்தல் கணக்கில் ஓர் எடை, கிலோவில் ஓர் எடை எழுதி, மூன்றும் ஒவ்வாமல் போனால் எந்தத் தவுக்கே பணம் தருவார்? அரசாங்கங்களும் அப்படியே. கணக்கு தீராதவரை செலவு செய்யத் தயங்கின.

பிறகு எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தார்கள். ஐரோப்பிய, அமெரிக்க விண்வெளி நிலையங்களின் ஆதரவில் ஒரே கால எல்லை, ஒரே நிலப்படம் என்று வகுத்துக்கொண்டு அவரவர் கணக்கைத் திரும்பப் போட்டார்கள். 2018-ல் வெளிவந்த ஐந்தொகையில் 44 நிலையங்களைச் சேர்ந்த 84 விஞ்ஞானிகள் கையெழுத்திட்டார்கள். 1992 முதல் 2017 வரை தென்துருவம் இழந்த பனி ஏறத்தாழ 2,72,000 கோடி டன். 2012-க்கு முன் ஆண்டுக்கு 7,600 கோடி டன் போய்க்கொண்டிருந்தது. அதன்பின் வந்த ஐந்தாண்டுகளில் ஆண்டுக்கு 21,900 கோடி டன். தேய்மானம் மூன்று மடங்காகிவிட்டது என்று இப்போது துணிந்து சொல்லலாம். ஏனெனில் அது ஒருவர் கணக்கல்ல.

இந்தக் கூட்டுக் கணக்கின் யோசனை பழையது. ஆஸ்திரியக் கடற்படை அதிகாரி கார்ல் வெய்ப்ரெக்ட் என்பவரின் கப்பல் 1872-ல் வடதுருவப் பனியில் சிக்கிக்கொண்டது. 1874-ல் கப்பலைக் கைவிட்டுத்தான் உயிர் தப்பினார். திரும்பி வந்தவர், கொடி நாட்டிப் பெயர் வாங்கும் போட்டியால் அறிவு வளராது. பல நாட்டாரும் ஒரே சமயத்தில், ஒரே முறையில் அளந்தால்தான் பயனுண்டு என்று வாதாடினார். அதன் பலனாக 1882-83-ல் முதலாவது சர்வதேசத் துருவ ஆண்டு நடந்தது. அதைக் காண அவர் இல்லை, 1881-லேயே காலமாகிவிட்டார்.

மூன்றாம் முறை நடந்த பெருமுயற்சிக்குச் சர்வதேசப் பூபௌதிக ஆண்டு என்று பெயர். அது 1957 ஜூலையில் தொடங்கியது. அடுத்த மாதம் நம் நாடு மெர்டேக்கா பெற்றது. உலகம் இரு முகாமாகப் பிரிந்து முறைத்துக்கொண்டிருந்த நேரத்தில் அமெரிக்கரும் ருஷ்யரும் உட்பட 12 நாட்டார் தென்துருவத்தில் அருகருகே கூடாரமடித்து அளந்தார்கள். அந்த வேலையில் நம் பாடத்திற்கு வேண்டிய இரண்டைச் சொல்லுகிறோம். சார்லஸ் கீலிங் என்பவர் தென்துருவத்திலும் ஹவாய்த் தீவு மலையிலும் காற்றிலுள்ள கரியமில வாயுவை அளக்கத் தொடங்கினார். அப்போது பத்து லட்சத்தில் சுமார் 315 பங்கு. இப்போது 420-ஐத் தாண்டிவிட்டது. இது அதிகமா குறைவா என்று கேட்டால் பழைய பேரேடு வேண்டுமல்லவா? அதுவும் பனிக்குள்தான் இருந்தது. பத்து ஐரோப்பிய நாடுகள் சேர்ந்து துளைத்தெடுத்த பனித்தண்டில் அடைபட்ட காற்றுக் குமிழிகள் எட்டு லட்சம் ஆண்டுக் கணக்கைக் காட்டின. அத்தனை காலத்திலும் கரியமில வாயு 300 பங்கைத் தொட்டுப் போனதன்றித் தாண்டிச் சென்றதில்லை.

இரண்டாவது, ஹாலி என்ற பிரிட்டிஷ் நிலையம். அங்கே அந்நாள் முதல் விடாமல் ஓசோனை அளந்து வந்தார்கள். ஏறக்குறைய முப்பது ஆண்டு அலுப்பூட்டும் வேலை. 1985-ல் அந்தக் குறிப்பேட்டிலிருந்துதான் ஓசோன் ஓட்டை வெளிப்பட்டது. 1987-ல் மொன்ட்ரீயல் உடன்படிக்கை. 1989-ல் மலேசியாவும் சேர்ந்தது. பழைய ஐஸ்பெட்டிகளில் இருந்த வாயு மறைந்து வேறு வாயு வந்ததே, நினைவிருக்கிறதா? தென்துருவத்துக் குறிப்பேடு ஒன்று நம் கடைக்குள் வந்து சரக்கை மாற்றிவிட்டுப் போனது அப்போதுதான்.

இப்போது நம் நாட்டுக் கதைக்கு வருவோம். 1959-ல் அந்த 12 நாடுகளும் கையெழுத்திட்டுத் தென்துருவ உடன்படிக்கையைச் செய்துகொண்டன. ராணுவம் கூடாது, ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பன அதன் உயிர்நாடி. ஆனால் முடிவெடுக்கும் நாற்காலி, அங்கே கணிசமான ஆராய்ச்சி நடத்திக் காட்டிய நாடுகளுக்கே. இது பணக்காரர் சங்கம் என்று பிரதமர் மகாதீர் 1982-ல் ஐக்கிய நாட்டுச் சபையில் ஆட்சேபம் எழுப்பினார். அந்தக் கண்டம் உலகத்தார் எல்லோருக்கும் பொது என்றார். 1983 முதல் அது சபையின் நிகழ்ச்சி நிரலில் ஏறியது. 1956-லேயே இந்தியாவும் இப்படி முயன்று பார்த்ததுண்டு. ஆனால் இந்தியா பின்னர் வேறு வழியைப் பிடித்தது. அலகாபாத்தில் பிறந்த கடல் விஞ்ஞானி சையது ஜஹூர் காசிம் தலைமையில் 1981 டிசம்பரில் கோவாவிலிருந்து ஒரு குழு புறப்பட்டு, 1982 ஜனவரியில் தென்துருவத்தில் இறங்கியது. 1983-க்குள் இந்தியாவுக்கு முடிவெடுக்கும் நாற்காலி கிடைத்துவிட்டது.

மலேசியாவின் வாதம் தவறென்று நாம் சொல்லமாட்டோம். அந்தக் கண்டத்தில் சுரங்கம் தோண்டுவது 1991-ல் தடுக்கப்பட்டதற்கு வெளியே நின்று எழுப்பிய கூச்சலும் உதவியது என்றே கருதுகிறோம். எனினும் பனியை அளக்காதவர் பேச்சுக்கு விஞ்ஞானிகள் கூடத்தில் எடையில்லை. இதை உணர்ந்து 1997-ல் மலேசியா தன் தென்துருவ ஆராய்ச்சித் திட்டத்தைத் தொடங்கியது. சொந்தத் தளம் இல்லை. நியூசிலாந்து முதலிய நாடுகளின் தளங்களில் இடம் கேட்டு நம் விஞ்ஞானிகள் போனார்கள். மலாயாப் பல்கலைக்கழகத்து அஸிஸான் அபு சாமா போன்றவர்கள் முன்னின்றார்கள். 2008-ல் தென்துருவ ஆராய்ச்சிக்கான சர்வதேச விஞ்ஞானக் குழுவில் முழு அங்கத்துவம், 2011-ல் உடன்படிக்கையில் சேர்க்கை, 2016-ல் அந்தக் குழுவின் மாநாடே கோலாலம்பூரில். ஆராய்ச்சிக்குப் பணம் வழங்கச் சுல்தான் மீஜான் பெயரில் ஓர் அறக்கட்டளையும் உண்டு. மீஜான் என்றால் தராசு; பொருத்தமான பெயர்தான். அண்மையில், 2024-ல், சவூதி அரேபியாவும் உடன்படிக்கையில் சேர்ந்தது. உடன்படிக்கையில் சேர்ந்தால் உட்காரலாம், பேசலாம்; முடிவெடுக்க மட்டும் முடியாது. அந்த உரிமையுள்ள நாடுகள் 29.

நாற்காலியால் நமக்கென்ன லாபம்? 2021-ல் ஐக்கிய நாட்டுச் சபையின் சீதோஷ்ண அறிஞர் குழு சொன்னதைக் கேளுங்கள். புகையை வெகுவாகக் குறைத்தால் 2100-க்குள் கடல் 28 முதல் 55 சென்டிமீட்டர் உயரலாம். குறைக்காவிட்டால் 63 சென்டிமீட்டர் முதல் ஒரு மீட்டர் வரை. பனித்திரள் எதிர்பாராமல் உடைந்தால் 2 மீட்டரை நெருங்குவதையும் மறுப்பதற்கில்லை என்று அந்தக் குழுவே எழுதியிருக்கிறது. மேற்குக் கரையில் அணைகட்டும் வடிகால் நீர்ப்பாசன இலாகா எந்த எண்ணை வைத்துக் கட்டும்? குறைத்து மதித்தால் வெள்ளம். கூட்டி மதித்தால் வரிப்பணம் விரயம். போர்ட்டிக்சனில் கடை வாங்குகிறவருக்கும் இதே சங்கடம். அந்த இடைவெளி பனியைப் பற்றிய அறியாமையால் வந்தது. அது சுருங்கச் சுருங்க நம் செலவும் சுருங்கும்.

ஆனால் கூட்டுக் கணக்கு எளிதில் முறியக்கூடியது. 2022-ல் உக்ரேன் யுத்தம் மூண்டதும், வடதுருவ மன்றத்தின் மற்ற ஏழு நாடுகள் ருஷ்யாவோடு கூடி வேலை செய்வதை நிறுத்தின. வடதுருவக் கரையில் ஏறக்குறைய பாதி ருஷ்யாவுடையது. அங்குள்ள உறைநிலம் எவ்வளவு இளகுகிறது என்ற குறிப்புகள் பல வெளியார் கைக்கு வருவது நின்றுபோயிற்று. பாதிப் பக்கம் கிழிந்த பேரேட்டை வைத்துக்கொண்டு ஆண்டுக் கணக்கு முடிக்கச் சொல்வது போலாயிற்று.

அடுத்த துருவ ஆண்டு 2032-33-ல் நடத்த ஏற்பாடாகி வருகிறது. இன்று சுவாவில் ஆறாம் ஆண்டு படிக்கும் பிள்ளைகள் அப்போது பல்கலைக்கழகத்தில் இருப்பார்கள். நம் சங்கங்களின் கல்வி நிதியைக் கேட்டு வருகிறவர்கள் கணக்கியலும் வைத்தியமும் சட்டமுமே பெரும்பாலும் கேட்கிறார்கள். வானிலை, கடலியல், பூபௌதிகம் என்று ஒரு பிள்ளை விண்ணப்பித்தால், இதைப் படித்து எங்கே கடை வைக்கப்போகிறாய் என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிடாமல், அந்த விண்ணப்பத்தை நிர்வாகக் குழுவின் முன் வைக்கும்படி உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.