கிணறு இருக்கட்டும், ராஜா

பொழிச்சலூர்
புரட்டாசி கடைசி ஞாயிறு

அன்புள்ள ராஜாவுக்கு,

அத்தை எழுதுவது. 

நீ போனில் சொன்னதைக் கேட்டதிலிருந்து எனக்கு மனசு நிலைகொள்ளவில்லை. மறுபடி போனில் பேசினால் அத்தை கோபப்படுகிறாள் என்று நினைப்பாய், அதனால்தான் எழுதுகிறேன். கோபமெல்லாம் இல்லை. வீட்டைப் பில்டரிடம் கொடுப்பதும் கொடுக்காததும் உன் இஷ்டம். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன், நீயே யோசித்து முடிவெடு.

கீழ்த்தளம் முழுக்கக் கார் பார்க்கிங், மதிலிலிருந்து மதில்வரை காங்கிரீட் என்றாய். கிணறு என்ன ஆகும் என்று கேட்டேன். "மூடிடுவாங்க அத்தை, போர் போட்டுக்கலாம்" என்றாய். உன் சித்தப்பாவும் பாகம் பிரித்தபோது இதையேதான் சொன்னான். தாத்தா வெட்டிய பெரிய கிணறு அவன் பாகத்தில் விழுந்தது. இடித்த சுவரின் செங்கலையும் காரையையும் அதில் கொட்டி நிரவி, மேலே டைல்ஸ் போட்டுக் காரை நிறுத்தினான். எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று அரசாங்கம் 2003-இல் சட்டம் கொண்டுவந்ததற்கு அடுத்த வருஷம் அது. கண்துடைப்புக்கு ஒரு பைப்பை மொட்டைமாடியிலிருந்து சின்னத் தொட்டிக்கு விட்டான். உன் அப்பா வாய் திறக்கவில்லை. நான் கேட்டேன். அதிலிருந்து அவன் வீட்டு விசேஷப் பத்திரிகை எனக்குத் தபாலில்தான் வருகிறது.

இப்போது ஒரு மணி நேரம் மழை பெய்தாலும், அவன் பக்கத்து நீர் ஒரு சொட்டு மண்ணுக்குள் இறங்காமல் தெருவில் ஓடி, தெருக்கோடித் தாழ்ந்த வீட்டுக்குள் நுழைகிறது. அந்த வீட்டு அம்மாள் வருஷா வருஷம் பீரோவுக்கு அடியில் செங்கல் வைக்கிறாள். நம் பக்கத்தில் முருங்கையும் வேம்பும் நிற்கிற மண், விடிவதற்குள் குடித்துவிடும். 2015 டிசம்பரில் கிணறு எதையும் தடுத்துவிடவில்லை, அது வேறு கதை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி, அடையாறே ஏறி வந்தது, விமான நிலையமே மூழ்கி நின்றது. அதைத் தடுக்க ஊர் முழுக்க ஏரியும் கால்வாயும் சரியாக இருக்க வேண்டும். ஆனால் ஊர் முழுக்க என்பது ஒவ்வொரு வீட்டுக் கொல்லையும் சேர்ந்ததுதானே?

2019 தண்ணீர்ப் பஞ்சத்தை நீ பார்க்கவில்லை. ஜோலார்பேட்டையிலிருந்து சென்னைக்கு ரயிலில் தண்ணீர் வந்த வருஷம். சித்தப்பா லாரிக்குப் போன் மேல் போன் போட்டுக்கொண்டிருந்தான். நம் உறைக்கிணற்றில் அடியில் ஓர் உறை அளவுக்கு நீர் நின்றது. ராத்திரி ஊறும், விடிகாலையில் எடுக்கலாம். தெருவே குடத்தோடு வந்தது. மோட்டார் போட்டால் சேறு கலங்கும், கயிறு போட்டுத்தான் இறைக்கணும் என்றாள் எதிர்வீட்டுக்காரி. வீட்டுக்கு இரண்டு குடம், கைக்குழந்தை இருந்தால் மூன்று. முறை தவறி எடுத்த ஒருத்தியோடு இரண்டு நாள் யாரும் பேசவில்லை, மூன்றாம் நாள் அவளே வந்து வாளியைக் கழுவி வைத்தாள். எலினார் ஆஸ்ட்ரம் என்ற அமெரிக்க அம்மாள், நேபாளத்து வாய்க்கால் பாசனத்தையெல்லாம் ஆராய்ந்தவர், இதைத்தான் எழுதினார்: பொதுவில் உள்ளதைப் பயன்படுத்துகிறவர்களே விதி வைத்து, மீறினவர்களுக்கு முதலில் சின்ன தண்டனை கொடுத்தால் அந்தச் சொத்து நீடிக்கும். 2009-இல் அவருக்குப் பொருளாதார நோபல் கொடுத்தார்கள். நம் தெருப் பெண்கள் அதைப் படித்துவிட்டுச் செய்யவில்லை. கிணறு இருந்தது, அதனால் கூடினார்கள்.

பக்கத்துப் பம்மலையே எடுத்துக்கொள். 1994-இல் சங்கரா நகரில் மங்களம் பாலசுப்ரமணியன் அக்கம்பக்கத்துப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு குப்பையைப் பிரிக்க ஆரம்பித்தார். காய்கறித் தோல் மண்புழு உரமானது, தெரு சுத்தமானது, வேலைக்கு வந்தவர்களுக்கு மாதச் சம்பளம் கிடைத்தது. மண்ணுக்கும் நல்லது, மனுஷருக்கும் நல்லது. ஒன்றை விட்டு ஒன்று செழித்து நான் பார்த்ததில்லை. சிட்லப்பாக்கத்தில் குடியிருக்கிறவர்கள் விடாமல் கேட்டதால்தான் அந்த ஊர் ஏரியின் பக்கம் அரசாங்கத்தின் பார்வை திரும்பியது.

இனி நீ வாங்க நினைக்கிற பெரும்பாக்கம் பிளாட். பதினாலாவது மாடி, ஜன்னலைத் திறந்தால் பறவை தெரியும் என்று மருமகள் ஆசையாகச் சொன்னாள். எனக்கும் நாமக்கோழியும் பூநாரையும் பிடிக்கும். ஆனால் அந்தப் பறவைகள் வருகிற பள்ளிக்கரணைக் கழுவெளிதான் தென்சென்னையின் 31 ஏரிகளின் உபரிநீரை வாங்கி, ஒக்கியம் மடுவு வழியாகக் கடலுக்கு அனுப்புகிற இடம். 2022-இல் ராம்சார் ஈரநிலமாக அறிவித்தது 1,247 ஹெக்டேரை. ஒரு காலத்தில் அது 5,000 ஹெக்டேருக்கு மேல். மீதி எங்கே போயிற்று? குப்பைமேடும் ரோடும் கட்டடமுமாக நிற்கிறது. அதன் ஓரத்தில் கடன் வாங்கி, இரண்டு வயசுக் குழந்தையை வைத்துக்கொண்டு நீ ஏன் குடியேற வேண்டும்? தண்ணீர் சூழ்ந்து, கரண்டும் லிப்டும் நின்றுபோனால் பாலுக்கு யாரை அனுப்புவாய்? 2015-இல் நம் மொட்டைமாடியில் ஏழு வீட்டுக்காரர்கள் இருந்தோம். யாருக்குச் சர்க்கரை, யாருக்கு இன்சுலின் என்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

இன்னொரு வழியும் இருக்கிறது, சும்மா காதில் போட்டுவை. முன்பக்கத்து இரண்டு அறையின் மேல் ஒரு மாடி எழுப்பலாம், கீழ்வீட்டை வாடகைக்கு விடலாம், கொல்லையைத் தொட வேண்டாம். கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அஸ்திவாரம் தாங்கும் என்கிறார். மொட்டைமாடித் தண்ணீரை மணல், ஜல்லி போட்ட தொட்டியில் வடிகட்டிக் கிணற்றிலேயே விட்டுவிடலாம். செலவுக்கு என் வளையல் இருக்கிறது, அதைப் பற்றி நீ ஒன்றும் பேசக் கூடாது.

நிறையச் சொல்லிவிட்டேன். நீ சின்ன வயசிலிருந்தே பொறுப்பானவன், அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் ராத்திரி பகல் பார்க்காமல் செய்தவன். நீ எதைச் செய்தாலும் சரியாகத்தான் செய்வாய். பிளாட்டே வாங்கினாலும் அத்தை வந்து பால் காய்ச்சிக் கொடுப்பேன், பாப்பாவோடு ஒரு மாதம் தங்குவேன். தீபாவளிக்கு அவசியம் வா. மருமகளுக்குப் பிடித்த மாவடு ஒரு பாட்டில் எடுத்து வைத்திருக்கிறேன். பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம்.

அன்புடன்,
அத்தை

பி.கு: பில்டர் பேப்பரில் கையெழுத்தைத் தீபாவளிக்கு அப்புறம் வைத்துக்கொள். அதற்குள் கொத்தனார் செலவுக் கணக்கு எழுதிக் கொடுத்துவிடுவார்.