நீளமான சொல்லை எங்கே உடைப்பது?

2024 ஜூனில் மெத்தனால் கலந்த சாராயம் எங்கள் கருணாபுரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் அறுபதுக்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தது. அதன் பிறகு தெருவில் ஒட்ட ஒரு எச்சரிக்கை நோட்டீஸ் தயாரித்தோம். டைப் செய்த நண்பர் இடம் போதாமல் சொல்லின் நடுவே என்டர் தட்டிவிட்டார். பெரிய எழுத்தில் மேல் வரியில் "குடி", கீழ் வரியில் "க்காதீர்கள்"! எழுத்துக் கூட்டிப் படிக்கும் ஒரு பாட்டி முதல் வரியோடு நிறுத்திவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பிரதிகளையும் கிழித்துப் போட்டோம்.

சரி, எங்கே உடைத்திருக்க வேண்டும்? ஒரே விதிதான்: புள்ளி வைத்த எழுத்து வரியின் தொடக்கத்தில் வரக்கூடாது. அது முந்தைய எழுத்தோடு ஒட்டிக்கொள்ளும். கு-டிக்-கா-தீர்-கள். "குடிக்" என்று வரி முடிந்தால் அது முழுச்சொல் அல்ல என்று கண்ணே சொல்லிவிடும், வாசகர் அடுத்த வரிக்குப் போவார். "வாழ்க்கை" போல இரண்டு புள்ளி வந்தால் இரண்டும் பின்னால்தான்: வாழ்க்-கை. (செய்யுளின் நேரசை, நிரையசையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அங்கே "குறிச்" ஒரே அசை, இங்கே கு-றிச் என இரண்டு.)

பக்கத்துப் புதுச்சேரியில் பிரெஞ்சு படித்தவர்களுக்கு இது பழகிய கணக்கு. "புறப்படு" என்று பொருள் தரும் பார்திர் என்ற சொல்லைப் பார்-திர் என்றே பிரிப்பார்கள். ஆனால் ஓவியத்தைக் குறிக்கும் தாப்லோ அங்கே தா-ப்லோ ஆகும். நம் விதிப்படி தாப்-லோ. ஆகவே ஒரு மொழியின் விதியை இன்னொன்றுக்குப் போட முடியாது. 1983-ல் ஃபிராங்க் லியாங் ஸ்டான்ஃபோர்டு ஆய்வேட்டில் தந்த முறையும் அப்படித்தான்: நிரல் ஒன்று, மொழிக்கு மொழி எழுத்துக்கோவைப் பட்டியல் வேறு. டெக் மென்பொருளுக்குத் தமிழ்ப் பட்டியலும் இருக்கிறது.

நிரல் எழுதுபவர்கள் ஒன்றைக் கவனிக்கவும். "குடிக்காதீர்கள்" நமக்கு 8 எழுத்து, யூனிகோடில் 15 குறிகள். கால், கொம்பு, புள்ளி எல்லாம் தனிக்குறி. எனவே உயிரெழுத்துக்கு முன்போ, பின்னால் புள்ளி வராத மெய்க்குறிக்கு முன்போ மட்டும் உடைக்க அனுமதியுங்கள். க்ஷ, ஸ்ரீ இரண்டையும் விதிவிலக்காகச் சேர்த்துவிடுங்கள், இல்லையென்றால் அவை பிளந்துவிடும்.

நிரல் வேண்டாம் என்பவர்கள் லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் கர்சரைச் சரியான இடத்தில் வைத்து இன்செர்ட் மெனுவில் ஃபார்மேட்டிங் மார்க், அதில் நோ-விட்த் ஆப்ஷனல் பிரேக் என்பதைக் கிளிக் செய்யவும். அச்சில் எதுவும் தெரியாது. வரி நிரம்பினால் மட்டும் சொல் அங்கே உடையும், இடைக்கோடும் விழாது. கோடு வேண்டுமென்றால் கன்ட்ரோலுடன் மைனஸ் கீயை அழுத்தவும். வேர்டிலும் இதே கீதான். என்டர் மட்டும் தட்டாதீர்கள். பிறகு எழுத்தின் அளவை மாற்றினால் அந்த உடைப்பு அப்படியே நிற்கும்.

ஒரு குறை உண்டு. கண்ணுக்குத் தெரியாத இந்தக் குறி உள்ளே இருப்பதால் அந்தச் சொல் தேடலில் சிக்காமல் போகலாம். அச்சுக்குப் போகும் பிரதியில் மட்டும் குறியைப் போட்டு, மூலக் கோப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.